கதவோரம் நின்ற அண்ணன்

"பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு மாதிரி நிக்கிறாராம்டி உங்க அண்ணன்," என்று கூட வேலை பார்க்கும் ஸேலா போனைப் பார்த்துப் படித்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி வண்டி தள்ளிக்கொண்டிருந்த லுபேக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஆக்லாந்துப் பத்திரிகைகள் மூன்றும் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தன. படத்தில், சாகக் கிடக்கும் தங்கையைப் பார்க்க வரும் அண்ணன் அறைக்குள் போகாமல் கதவோரம் நிற்கிறான், கிழங்குக் கூடையை வைக்கிறான், போகிறான். அந்த வேஷம் கட்டிய லுபேயின் அண்ணன் மானாசே நடிகனே இல்லை, மரக்கட்டை. எழுதியவர்கள் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், ஆடிப்போனது படக் கம்பெனி. தங்கையைக் கட்டிப்பிடித்து அழுவதுபோல மறுபடி எடுக்கலாம் என்றது. மானாசே மாட்டேன் என்றான். அப்படியானால் காட்சியையே வெட்டிவிடலாமா என்று சனிக்கிழமை திரையிடலுக்குப் பிறகு முடிவு செய்வார்களாம். இவ்வளவும் லுபேக்கு அத்தை சொல்லித்தான் தெரியும். இவர்களைப் போன்ற டோங்கா தீவுக்காரர் வீட்டில் அண்ணனும் தங்கையும் வளர்ந்தபின் ஓர் அறையில் உட்கார மாட்டார்கள், சேர்ந்து படம் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

அந்த அத்தைதான் வினையை இழுத்துவிட்டாள். அண்ணன் சனிக்கிழமை சாயங்காலக் காட்சிக்கு வருகிறான் என்று லுபேயிடம் சொன்னாள். லுபே மதியத்துக்கு மாறிக்கொண்டாள். தங்கை சாயங்காலம் வருகிறாள் என்று அத்தை முன்பே மானாசேயிடமும் சொல்லியிருந்தாள். அவனும் மதியத்துக்கு மாறியிருந்தான்.

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது கேள்வி பதிலுக்காக மேடையில் மானாசே, டைரக்டர் ஹெதர், பஸ்ஸுக்கு நிற்பதுபோல நிற்கிறான் என்று எழுதிய விமர்சகர் கிரஹாம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது வரிசையில் அவளைப் பார்த்துவிட்ட மானாசே சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரிக் காட்சியில் ஏன் ஒன்றுமே செய்யவில்லை என்று கிரஹாம் கேட்டார். மானாசே வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தங்கை எதிரில் இருக்கும்போது அவன் பேச மாட்டான் என்பது அந்த அரங்கில் லுபே ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்து வெளியே போய்விட்டால் அவன் பேசலாம். ஆனால் அவன் என்ன பேசுவான்? தன்னைத்தானே மெச்சிக்கொள்ளத் தெரியாத ஜென்மம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பான், அதோடு காட்சி போய்விடும்.

அவனுக்காகப் பேச அவள் எழுந்தாள். அவள் எழுந்ததுமே மானாசே மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறினான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று கூட்டம் முணுமுணுத்தது.

"கோவம் இல்லைங்க. நான் அவர் கூடப்பொறந்த தங்கச்சி," என்றாள் லுபே. "நான் இருக்கற எடத்துல அவர் இருக்க மாட்டாரு. அது எங்க மரியாதை. என் வீட்டுக்காரர் செத்தப்பவும் சாவு மொறைக்குப் பின்வாசல்ல பன்றியையும் கிழங்கையும் எறக்கி வச்சிட்டு, மழையில நின்னுட்டுப் போனாரு. உள்ள வரல."

கிரஹாம் மெல்லச் சிரித்தார். "அப்போ நான் எழுதினது சரிதானே, அம்மா? அவர் நடிக்கல. வீட்டுல இருக்கறபடியே இருந்திருக்காரு."

ஹெதர்கூடத் தரையைப் பார்த்தாள். உதவ வந்து அண்ணன் காலையே வாரிவிட்டோம் என்று லுபேக்குப் பட்டது. ஆனால் மனம் உட்கார விடவில்லை.

"அன்னிக்கு வீட்டுல நான் பாத்தது அவரு காலு மட்டும்தான்," என்றாள். "கதவுக்கு அடியில, சேத்துல நின்ன காலு. அழற மொகத்த எனக்குக் காட்டினதே இல்ல. இந்தப் படத்துல அந்தப் பொண்ணுக்கும் காட்டல. ஆனா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு உங்களுக்குக் காட்டினாரு, பாத்தீங்களா? உதடு துடிச்சுது. அழுகையை முழுங்கினாரு. அதுக்கப்புறம்தான் கூடையை வச்சாரு. என் புருஷன் செத்த அன்னிக்கு எங்கண்ணன் மொகம் எப்படி இருந்துச்சுன்னு ஆறு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பாத்தேன். காட்டவே கூடாத மொகத்த ஊருக்கே காட்டியிருக்காரு. அது நடிப்பு இல்லன்னா வேற எது நடிப்பு?"

ஹெதர் மைக்கை எடுத்து, அந்தக் காட்சியில் ஒரு நொடியைக்கூடத் தொட விட மாட்டேன், கம்பெனி என்ன சொன்னாலும் சரி என்றாள்.

லுபே பக்கத்துக் கதவைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. அதன் அடியில் ஒரு ஜோடிச் செருப்புக் கால்கள் நகராமல் நின்றிருந்தன.