பதினொன்றேகால் மணித் தேடல்

லிங்கராஜபுரத்தில் ரெமிஜியஸ் நடத்தும் கிறிஸ்தவத் திருமணத் தகவல் நிலையத்தில், காலை பதினோரு மணி தாண்டினால் கம்ப்யூட்டர்கள் அப்படியே நின்றுவிடும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வரன் தேடி வந்தவர்கள் கவுன்டர் முன்னால் காத்திருப்பார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கவுன்டரில் பன்னிரண்டு வருஷமாக உட்காருகிறவள் நோரா. ஆகவே தப்பு நோராவுடையது என்று முடிவாகியிருந்தது.

"புது சாஃப்ட்வேர் உங்களுக்கு ஒத்துவரல நோரா. எதையோ மாத்தி அமுக்கறீங்க, சர்வர் திணறுது. அடுத்த சனிக்கிழமையோட நின்னுக்கங்க" என்றார் ரெமிஜியஸ்.

"பேரு, வயசு, சர்ச்சு, மூணுதான் போடறேன் சார்."

"அதைத்தான் தப்பா போடறீங்க."

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் டேரில் ஆஸ்டின் டவுனிலிருந்து வந்திருந்தான். "ஸ்வல்ப இருங்க அங்கிள், கொஞ்சம் பொறுங்க. ஒரு வாரம் லாக் போட்டுப் பாக்கலாம். ரெண்டு செகண்டுக்கு மேல எடுக்கற தேடல் ஒவ்வொண்ணையும் சர்வரே எழுதி வச்சிக்கும். யாரோட லாகின், எத்தன மணிக்கு, என்னா கேட்டாங்க, எல்லாம்."

"போடு. எழுத்துல இருந்தாத்தான் இவங்க ஒத்துக்குவாங்க."

"எல்லார்துமா?"

"ஒருத்தரையும் விடாத பா."

அடுத்த வெள்ளிக்கிழமை டேரில் தாள்களுடன் வந்தபோது, ரெமிஜியஸ் உள்ளறையில் ஒரு மாப்பிள்ளை வீட்டாருடன் போனில் இருந்தார். டேரில் நேராகக் கவுன்டருக்குப் போனான்.

"ஆன்ட்டி, உங்க தேடல்லாம் அர செகண்டு வேலை. இவருக்குப் பின்னாடி க்யூல நின்னு நின்னு லேட்டாகுது."

"எவருக்குப் பின்னாடி?"

"பாருங்க. தெனம் பதினொண்ணேகாலுக்கு. நாப்பத்தோராயிரம் பேரோட குறிப்பையும் எழுத்து விடாம படின்னு கேட்டிருக்காரு."

நோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். லாகின், ரெமிஜியஸ். மாப்பிள்ளை வயது இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு. சரிதான், அவர் மகள் ஆஞ்சலாவுக்கு இருபத்தாறு. அதற்குக் கீழே நான்கு ஊர்கள், ஆறு குடும்பப் பெயர்கள், காலமாகிப்போன இரண்டு தாத்தாக்களின் பெயர்கள்.

"நாலு ஊரு, ரெண்டு தாத்தா. எதுக்கு ஆன்ட்டி இப்படிச் சுத்தி வளைச்சுத் தேடறாரு?"

"வேற எப்படித் தேடுவாரு? நம்ம ஃபார்ம்ல சாதிக்குக் கட்டம் இல்லையே. சர்ச் வாசல்ல வாராவாரம் அதத்தான பெருமையா சொல்லிட்டிருக்காரு."

ரெமிஜியஸ் வெளியே வந்தார். "என்னப்பா, மாட்டுனாங்களா?"

டேரில் தாளை நீட்டினான். ஒரு பக்கத்தைப் படிக்க ரெமிஜியஸ் சர்வரைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"இது... ஆஞ்சலா அம்மா ஒருநாள் கேட்டா."

"ஆறு நாள் அங்கிள்."

"இந்த லாகை நிறுத்து. இருக்கறதயும் அழிச்சிடு."

"மறுபடியும் ஸ்லோ ஆனா காரணம் தெரியாதே?"

"காரணம் யாரு கேட்டா? இந்த மாதிரி தேடுனா டக்குனு வரணும், அதுக்கு ஒரு வழி பண்ணு."

"இதே மாதிரியா?"

"பொதுவாச் சொல்றேன் பா. ஜனங்களுக்கு வசதிதான?"

டேரில் நோராவைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து அழித்தான். தாளை ரெமிஜியஸ் தன் கையாலேயே நான்காகக் கிழித்தார். கிழித்த பிறகுதான் நோரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறை படித்த குடும்பத்தின் விவரத்தை அவள் மறுமுறை தேடியதில்லை, எல்லாம் மனப்பாடம்.

"நாளைக்குச் சனிக்கிழமை சார். ஆபீஸ் சாவிய யார்கிட்ட குடுக்கணும்?"

"யார்கிட்டயும் வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும் நோரா." மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் அவர் பேசும் குரல் அது. "சாஃப்ட்வேர் பழக கொஞ்ச நாள் ஆகும். நானும் அவசரப்பட்டுட்டேன்."

"பழகிட்டேன் சார்" என்றாள் நோரா. "ஊரு பேரெல்லாம்கூட இப்பப் பழகிடுச்சு."