பாலுசாமி மீட்டிங்கில் இருக்கிறார்

"சாவியக் குடுங்க நங்கை. ரெண்டே ரெண்டு குண்டுதான். வானத்தப் பாத்துச் சுட்டுப்போட்டு எடுத்தம்னா அண்ணனுக்கு ஒரு மரியாதையா இருக்கும்" என்று கொழுந்தன் அங்கப்பன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

ராசாத்தாள் இடுப்பில் செருகியிருந்த, துப்பாக்கி வைத்த பீரோவின் சாவியை முந்தானையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் புருஷன் பாலுசாமி, நெற்றி நிறையத் திருநீறோடு படுத்திருந்தார். நேற்றுக் காலையில் முகம் வழித்துக்கொண்டிருந்த மனுஷன், ஒரு கன்னத்தை வழித்து முடித்து மறு கன்னத்தில் நுரையோடு அப்படியே கண்ணாடி முன்னால் சாய்ந்துவிட்டார். பாதியில் நின்ற அந்தக் கன்னத்தை, ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த பிறகு மகள் லோகப்பிரியாதான் வழித்துவிட்டாள்.

"அவரு எந்திரிச்சு வந்தா மொதல்ல உங்களத்தான் வைவாரு" என்றாள் ராசாத்தாள். "கணக்கில்லாம ஒரு தோட்டா செலவு பண்ணிருக்கறாரா அவரு? எழவூட்டுல வேடிக்க காட்டறதுக்கா அத வெச்சிருந்தாரு?"

"அட, ஊருசனம் பாக்குதுங்க நங்கை. துப்பாக்கிக்காரரு ஊட்டுச் சாவுன்னு ஒரு இது வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

அங்கப்பன் முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போனான். போனவன் சும்மா இருந்தானா? பந்தலில் கடைசி வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நொய்யல் ரைபிள் கிளப் ஆட்களிடம் நியாயம் கேட்கப் போய்விட்டான். ஜன்னல் ஓரம்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்து ஓய்ந்த நேரம் என்பதால் பேச்சு அப்படியே உள்ளே கேட்டது.

"ஐயோ, அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்றார் கிளப் பிரசிடென்ட் கிருபாசங்கர். சோமனூர்ப் பக்கம் மில் வைத்திருப்பவர். இழவு வீட்டுக்கும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. "விசேஷத்துல, கூட்டத்துல சுட்டா சட்டப்படி குத்தமுங்க. அதுமில்லாம லைசென்ஸ் அண்ணன் பேர்ல இருக்குது. அவரு போனதுக்கப்புறம் வேற யாரும் அதத் தொடக்கூடாது."

"கையில வெச்சிருக்கறதே தப்புதாங்க. ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். நாளைக்கே தங்கச்சியக் கூட்டிட்டு நானே போறேன்" என்றார் அமீர் ஹம்சா. கோட்டைமேட்டுக்காரர். பாலுசாமியோடு இளவட்டமாய் இருந்த நாளில் இருந்து சேர்ந்து சுட்டவர்.

அப்புறம் கேட்க வேண்டுமா? துப்பாக்கி சுடுகிறவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் கல்யாண வீடென்ன, கருமாதி வீடென்ன. பாலுசாமியின் பாயிண்ட் டூ டூ ரைபிள் ஜெர்மன்காரன் செய்ததா செக்கோஸ்லோவாகியாக்காரன் செய்ததா என்று ஒருத்தர் கேட்டார். சொந்த லைசென்ஸில் வாங்கிய தோட்டாவும் கிளப் ஒதுக்கீட்டில் வந்த தோட்டாவும் ஒன்றாகக் கிடந்தால் எதை யாரிடம் ஒப்படைப்பது என்று இன்னொருத்தர் கேட்டார். மகள் பேருக்கு லைசென்ஸ் மாற்ற முடியுமா என்று விவாதம் போனது. செத்தவரை மறந்தே போனார்கள். ராசாத்தாளுக்கு அதில்கூடக் கோபம் இல்லை. அவர் இருந்திருந்தால் அந்த வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியிருப்பார்.

ஆனால் கிருபாசங்கர் அடுத்துச் சொன்னதுதான் அவள் நெஞ்சில் தைத்தது. குரலைத் தணித்துத்தான் சொன்னார். "எதுக்கும் தோட்டாவ எண்ணிப் பாத்தே ஒப்படைங்க ஹம்சா பாய். அந்த மெயில் விஷயம் வேற இருக்குதில்லீங்களா."

அந்த மெயில் விஷயம்!

போன ஆடியில் கிளப் உறுப்பினர்கள் எல்லாருக்கும் பாலுசாமி பேரில் ஒரு மெயில் போனது. அப்போது அவர்தான் செயலாளர். தோட்டா விதி மாறிவிட்டது, லைசென்ஸ் நகலையும் ஆதாரையும் இந்த லிங்கில் ஏற்றுங்கள் என்று அதில் இருந்தது. பேர் அவருடையது, வட்டத்துக்குள் மீசையோடு சிரிக்கிற போட்டோவும் அவருடையது. நம்பி ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் வெளிமாநில டீலர் ஒருத்தர், உங்கள் லைசென்ஸைக் காட்டி யாரோ தோட்டா கேட்கிறார்களே என்று உறுப்பினர் ஒருத்தருக்குப் போன் செய்ய, குட்டு உடைந்தது. பயந்துபோய் எல்லாரும் அந்த மெயிலை அழித்துப்போட்டார்கள். கிருபாசங்கர் மட்டும் ஒரு பிரதியைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, "பேரு உங்களுது, போட்டோ உங்களுது, நானில்லைன்னா எப்படீங்க?" என்று கேட்டார். போலீசுக்குப் போனால் கிளப்புக்கே வம்பு என்று சொல்லி, செயலாளர் பொறுப்பையும் துப்பாக்கி அறைச் சாவியையும் பாலுசாமியிடம் வாங்கிக்கொண்டு விஷயத்தை மூடிவிட்டார். மூடியது கிளப்புக்கு. பாலுசாமிக்கு எங்கே மூடியது? லைசென்ஸ் நகலை விற்றுத் தின்றவர் என்று பேர்.

அதற்குப் பிறகு அவர் ரைபிளைத் தொடவில்லை. "நான் அனுப்பலீன்னு எப்புடி ராசாத்தா காட்டறது?" என்று ராத்திரியில் மோட்டுவளையைப் பார்த்துக் கேட்பார். அவளுக்கு என்ன தெரியும்? இங்கிலீசு படிக்கத் தெரியாது, மெயில் என்றால் ரயில் பேர் என்றுதான் முன்னெல்லாம் நினைத்திருந்தாள். அந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார் என்பது மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வாதாடுவது?

"அம்மணி" என்று மகளின் கையைப் பிடித்தாள். "மூணு மணிக்கு எடுக்கறாங்க. இந்தப் பேரோடவா உங்கப்பாவ அனுப்பறது? எனக்கு மனசு ஆறமாட்டேங்குது கண்ணு."

லோகப்பிரியாவும் சுடுகிறவள்தான். அப்பாவிடம் இருந்து கிருபாசங்கர் சாவியை வாங்கிக்கொண்ட அன்றைக்கே கிளப்பை விட்டு நின்றுவிட்டாள். அம்மாவின் உள்ளங்கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெளியே தப்பு மறுபடி முழங்கத் தொடங்கியது. நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பொள்ளாச்சியில் இருந்து பிறந்த வீட்டுக் கோடி வந்து இறங்கியது. ராசாத்தாளின் தம்பி பெண்சாதி அவளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு நகர்ந்தாள். அந்த நேரத்தில்தான் ஜன்னலுக்கு வெளியே ஒரு போன் சத்தம் போட்டது. உடனே பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக ஐந்தாறு போன்கள்.

"யா அல்லா!" என்று ஹம்சா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கடைசி வரிசை முழுக்கப் போனைப் பார்ப்பதும் பெட்டி இருக்கிற அறையைப் பார்ப்பதுமாக இருந்தது. ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை. ஹம்சா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஜன்னல் கம்பிக்குள் போனை நீட்டினார். "பாப்பா, நீ படி."

லோகப்பிரியா வாங்கிப் பார்த்தாள். வட்டத்துக்குள் அப்பா மீசையோடு சிரித்தார்.

"என்னம்மா அது?"

"அப்பா பேர்ல மெயில் வந்திருக்குதும்மா. இப்பத்தான் வந்திருக்குது." அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அன்பான உறுப்பினருக்கு. தோட்டா ஒதுக்கீடு சம்பந்தமாக அவசரம். இன்று மாலைக்குள் லைசென்ஸ் நகலை லிங்கில் ஏற்றவும். "அப்பறம்…" என்று நிறுத்தினாள். "நான் இப்போது ஒரு மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது, மெயிலிலேயே பதில் போடவும். இப்படிக்கு, பாலுசாமி, செயலாளர்."

ராசாத்தாள் பெட்டியைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். திரும்பவும் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று ஒரு கிழவி பதறி அவள் தோளைப் பிடித்தாள். ராசாத்தாள் அந்தக் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். அவிழ்ந்து கிடந்த தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டாள். மகள் கையில் இருந்த போனை வாங்கிக்கொண்டு நேராகப் பந்தலுக்கு நடந்தாள். பிணம் எடுக்காத வீட்டில் பொண்டாட்டிக்காரி இப்படி ஆண்கள் நடுவே நடந்து வந்ததை அந்த வீதி பார்த்ததில்லை. வழியில் நின்றவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள்.

"ஏனுங்க பிரசிடென்ட்டு" என்றாள் கிருபாசங்கர் முன்னால் போய். "என்ற ஊட்டுக்காரரு மீட்டிங்குல இருக்கறாராமா?"

கிருபாசங்கர் எழுந்து நின்றார்.

"ஆமாங்க, மீட்டிங்குதான். சொந்தபந்தம் அத்தன பேரும் சுத்தி உக்காந்திருக்கறோம், நடுவால அவரு படுத்திருக்கறாரு. போன் எடுக்க முடியாதுதான். கேட்டுப் பாருங்களே, மெயில் அனுப்புனது நீங்கதானான்னு. உள்ளதான் இருக்கறாரு."

"முன்னாலயே நேரம் குறிச்சு வெச்சு அனுப்பியிருந்தா…" என்று பின்னால் இருந்து ஒருத்தர் இழுத்தார்.

"சாகற நேரத்தையுமா குறிச்சு வெச்சிருந்தாரு?" என்று ராசாத்தாள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

லோகப்பிரியா வந்து அம்மாவின் கையில் இருந்த போனை வாங்கி, அப்பாவின் பேர் மேல் விரலை வைத்து அமுக்கினாள். பேருக்கு அடியில் இருந்து, அனுப்பினவனின் நிஜ மெயில் முகவரி வெளியே வந்தது. அதில் பாலுசாமியும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. எந்த நாட்டுக்காரனோ, வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக நீண்டு கிடந்தது. அவள் அதைக் கிருபாசங்கரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"காலித் துப்பாக்கின்னு சொல்லிக் குடுத்தாக்கூட, தொறந்து பாத்துட்டுத்தானுங்களே மாமா கையில வாங்குவீங்க? எங்கப்பா பேர ஒருக்கா அமுக்கிப் பாத்திருக்கலாமில்லீங்க. அவருக்கு அந்த மெயில் வரவே இல்ல. நீங்க எல்லாரும் அழிச்சுட்டீங்க. தாள்ல எதப் போயி அமுக்கறது?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு உடைந்தது. ஹம்சா அவள் தலையில் கை வைத்தார். "இத யாரும் அழிக்காதீங்கப்பா" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "ஒருத்தனும் அழிக்காதீங்க. நாளைக்கு சைபர் கிரைமுக்கு நான் கொண்டுபோறேன். கிளப்புக்கு வம்பு வந்தா வரட்டும்."

"போன தடவ நல்லா மேஞ்ச காடு. அதான் மறுக்கா வந்திருக்கறான்" என்றாள் ராசாத்தாள். "வந்தவன் நல்ல நேரம் பாத்து வந்தான். மகராசனா இருக்கட்டும்."

கிருபாசங்கரின் இஸ்திரிச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டது. "அக்கா, தப்பு எங்க மேலதானுங்க. மன்னிச்சுப்போடுங்க" என்றார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரல்.

"எங்கிட்ட எதுக்குங்க? பழி சொன்னது என்னையவா? அவர எடுக்கறதுக்குள்ள எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க."

அவள் தப்பு அடிப்பவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். தப்பு நின்றது. சமையல்காரர்கூடப் பின்கட்டில் இருந்து எட்டிப் பார்த்தார். கிருபாசங்கர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கலீங்க" என்றாள் ராசாத்தாள்.

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். மில்லில் ஆயிரம் பேரை அதட்டுகிற மனுஷன். மூச்சை இழுத்துப் பிடித்து, வீதி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "பாலுசாமி அண்ணன் தங்கமான மனுஷன்! அந்த மெயில் அவரு அனுப்பலீங்க! நாங்கதான் பாக்காம கொள்ளாம அவரு மேல பழி போட்டுட்டோம்! அவர்தாங்க எங்க செயலாளர்!"

அங்கப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். ராசாத்தாளுக்குக் கண்ணீர் கொட்டியது. நேற்றில் இருந்து அழுத அழுகை வேறு, இது வேறு என்று அவளுக்கே தெரிந்தது. உடம்பில் எங்கிருந்தோ ஒரு தெம்பு ஏறியது. அடேயப்பா, இந்த மனுஷன் இதைக் கேட்காமல் போய்விட்டாரே என்றும் இருந்தது, கேட்டிருப்பார் என்றும் இருந்தது.

மூன்று மணிக்கு வாய்க்கரிசி போட்டு முடிந்து, பாடையில் கிடத்தி, கோடியைப் போர்த்தினார்கள். தோள் கொடுக்கப் பங்காளிகள் முன்னால் வந்தார்கள். கிருபாசங்கர் தயங்கித் தயங்கி ராசாத்தாளிடம் வந்தார்.

"நாங்க தோள் குடுக்கலாமுங்களா அக்கா?"

அவள் அவர் காலைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க" என்றாள்.

செருப்புகள் பந்தல் காலருகே குவிந்தன. அங்கப்பன் ஒரு முனையை விட்டுக் கொடுத்தான். ஹம்சா ஒரு பக்கம், கிருபாசங்கர் ஒரு பக்கம் என்று கிளப் ஆட்கள் பாடையைத் தோளில் ஏற்றினார்கள். தப்பு ஓங்கி முழங்கியது. பெண்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். ராசாத்தாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி வீதி வரைக்கும் வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

மின்மயானத்துக்குப் போக வேண்டிய வண்டி வீதியிலேயே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பாடையை அதில் ஏற்றுவார்கள் என்று டிரைவர் ஓரமாக நின்று காத்திருந்தான். தூக்கினவர்கள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டி, வெயில் காய்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார்கள். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். எதிரே வந்த டவுன் பஸ் ஓரங்கட்டியது.

"ஏனுங்கம்மா, வண்டியில வெக்காம எங்கீங்க போறாங்க?" என்று டிரைவர் பதறிப்போய் ராசாத்தாளிடம் கேட்டான்.

"போகட்டும் உடு தம்பி" என்றாள் அவள். "நீ பின்னால போ."

காலி வண்டி கதவைச் சாத்திக்கொண்டு, ஹாரன் அடிக்காமல், கூட்டத்தின் பின்னாலேயே மெல்ல ஊர்ந்து போனது.