சங்கிலி உயிருடன் இருக்கிறார்

கவாத்து வெட்டுகிற நாளில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே யாரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. எல்லாரும் அண்ணாந்தபடிதான் நிற்பார்கள். மலையம்மாளும் முக்காலியில் ஏறி நின்று, கத்தரியை மேலே நீட்டி நறுக் நறுக்கென்று கொடியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய நுனியிலிருந்து சொட்டிய நீர் கன்னத்தில் விழுந்தது. தோள்பட்டையால் துடைத்துக்கொண்டு அடுத்த கொடிக்குப் போனாள்.

கூலிக்கு வந்த பேச்சிமுத்துவுக்குக் கையை விட வாய் வேகம்.

"ஏக்கா, பொம்பள கவாத்து வெட்டுன தோட்டம் இந்தக் கூடலூர்ல உண்டா? சாமி கண்ணக் குத்திரப் போகுது."

"சாமி இருக்கட்டும். நீ வெட்டுன வரிசையத் திரும்பிப் பாரு, ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு. நாலு கணு விட்டு வெட்டச் சொன்னா ரெண்டுல நிக்கிற. எந்தக் கொழுந்துல காய் வரும்? ஒந் தலையிலயா?"

மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்த அவள் அப்பன் சங்கிலி அதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். அவரால் இப்போது அண்ணாந்து பார்க்க முடியாது. நாற்பது வருஷம் இதே பந்தலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பட்டை போட்டு அனுப்பியிருந்தார்கள். யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்ப்பார்.

தை மாதம்தான் ஒன்றேகால் ஏக்கரையும் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஊருக்குள் இருந்த வீடு மகன் ஈஸ்வரபாண்டிக்கு. அவன் திருப்பூரிலிருந்து வந்து, முகம் கோணாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பன் வீட்டுக்கு வந்தவள் மலையம்மாள். அன்றிலிருந்து இந்தத் தோட்டத்தில் மருந்தடித்து, கொடி கட்டி, தண்ணீர் பாய்ச்சியவள் அவள்தான். ஆனாலும் ரேஷன் கார்டு தொடங்கி எந்தத் தாளாக இருந்தாலும், தொழில் என்று கேட்ட இடத்தில் யாரோ ஒருவர் 'கூலி' என்று எழுதிவிடுவார். அவளும் கைநாட்டுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவதோடு சரி, அதை மறுத்ததில்லை.

"நான் செத்து அவ பேரு வந்தா அத யாரு பாக்குறது? நான் பாக்கணும்ல" என்று சங்கிலி பத்திரம் எழுதுகிறவரிடமே சொன்னார். பதிவு முடிந்து வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் பழக்கமானவர், பழக்கமில்லாதவர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக அவர் நடந்ததைப் பார்த்தால் தேர்தலில் ஜெயித்துவிட்டு வந்தவர் என்றுதான் தோன்றும்.

பட்டா மாறியது. மாறிய கையோடு, சங்கிலிக்கு வருஷத்தில் மூன்று தவணையாக வந்துகொண்டிருந்த விவசாயி உதவித்தொகை நின்றது. நிலம் இல்லாதவருக்கு எப்படி வரும், அது நியாயம்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார். இனிமேல் அது மலையம்மாளுக்கு வர வேண்டியது. கவாத்து முடிந்த மறுநாள் அப்பனும் மகளும் பட்டா, சிட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனார்கள்.

உதவி அலுவலர் சுபாஸ்ரீ சின்ன வயசுப் பெண். நல்ல மாதிரி. நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்கு அக்கா. இறப்புச் சான்றிதழ்தேன் காணோம்."

"யாரோடது?"

"உங்க அப்பாவோடது."

பக்கத்து நாற்காலியில் இருந்த சங்கிலி இடுப்போடு திரும்பினார்.

"நாந்தேன் ஆத்தா அப்பன்" என்றார்.

சுபாஸ்ரீக்கு முகம் சிவந்துபோயிற்று. மன்னிச்சிருங்கய்யா, மன்னிச்சிருங்கய்யா என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி அவர்களுக்கே காட்டினாள்.

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பது பிப்ரவரியில யார் பேர்ல நெலம் இருந்துச்சோ அவுகளுக்குத்தேன் இந்தப் பணம். அதுக்கப்புறம் பேரு மாறியிருந்தா, பழைய ஆளு இறந்து வாரிசுக்கு வந்ததா இருக்கணும். உயிரோட இருக்கையிலயே எழுதிக் குடுத்தது செல்லாது. இந்தா பாருங்க, இறந்த தேதி போடாம அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேங்குது."

"அப்ப எங்கப்பாவுக்கு வந்ததாவது வருமா?"

"ஐயாவுக்குத்தேன் இப்ப நெலம் இல்லையே அக்கா."

"அவுகளுக்கு நெலம் இல்ல, எனக்கு அப்பா சாகல. அப்ப அந்தத் தோட்டத்துக்கு யாரு வெவசாயி?"

சுபாஸ்ரீ திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சங்கிலிதான் பேசினார். கம்பம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"நான் போய்ச் சேந்தா, எத்தன நாள்ல இவ பேர ஏத்துவாக?"

"வாய மூடுங்கப்பா" என்றாள் மலையம்மாள்.

சுபாஸ்ரீ குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னாள். எழுதியதை ரத்து செய்து நிலத்தைப் பழையபடி ஐயா பெயருக்கே மாற்றிவிட்டால் அவருக்குத் திரும்பவும் வர வாய்ப்பு இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு அக்காவுக்குத் தானாக வரும். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

மலையம்மாள் பட்டாவை எடுத்துப் பார்த்தாள். புதுத்தாள், இன்னும் மடிப்புக்கூடச் சரியாக விழவில்லை. அந்த உதவித்தொகையை நம்பி மாசாமாசம் அப்பன் கழுத்துக்கு வாங்குகிற மாத்திரையை நினைத்தாள்.

"சரி, அப்படியே செஞ்சிருவோம்ப்பா. யார் பேர்ல இருந்தா என்ன, வெட்டப்போறதும் கட்டப்போறதும் நாந்தேன?"

சொல்லிவிட்டுப் பட்டாவை மேஜைமேல் தள்ளி வைத்தாள், கையை மட்டும் அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

"என்னத்தச் செஞ்சிருவோம்?" சங்கிலி எழுந்துவிட்டார். "கைமாத்தாக் குடுத்தேன், திருப்பித் தர்றேங்குற? பன்னெண்டு வருசம் என் தோட்டத்துல வேல பாத்தவ நீ. நான் ஒனக்கு ஒரு நாள் கூலி குடுத்திருப்பனா? ஒம் பேர அடிச்சுட்டு வாங்குற மாத்திர என் தொண்டையில எறங்குமாத்தா? நீயே ஒங் கையால மனு எழுது. மலையம்மாள், வெவசாயின்னு எழுது. கலெக்டர் வரைக்கும் குடுப்போம்."

மலையம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. மருந்துச் செலவுக்கு வழியில்லாமல் போகிறது என்று தெரிந்தும் மனசு சந்தோஷப்படுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. தேனியில் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று அவளே மனுவைக் கொடுத்தாள். தொழில் என்ற இடத்தில் 'விவசாயி' என்று அவள் கையாலேயே எழுதினாள். மற்ற எழுத்தை விட அது கொஞ்சம் பெரிதாக விழுந்திருந்தது.

ஆடியில் பழம் கறுத்தது. பேச்சிமுத்து மொட்டையடித்த வரிசையைத் தவிர மற்ற எல்லா வரிசையிலும் குலை குலையாகத் தொங்கியது. விலை பேச வந்த வியாபாரி, "இது யாரு கவாத்து?" என்று தானாகக் கேட்டான். சங்கிலி அதைக் கேட்பதற்காகவே காத்திருந்தவர் போல, "ஓனரே வெட்டுனது" என்றார். அன்றைக்கு முழுக்க அதையே நாலைந்து பேரிடம் சொன்னார்.

அண்ணாந்து பார்க்க முடியாத மனுஷன் காய்ப்பைப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பந்தலுக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வார். அறுப்புக்கு இரண்டு நாள் முன்பு அப்படிப் படுத்தவர் காற்று சுகத்தில் கண்ணை மூடிவிட்டார். அந்த நேரம் பார்த்து சுபாஸ்ரீ ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"ஐயா! ஐயா! அக்கா, ஓடி வாங்களேன்!"

சங்கிலி ஒரு கண்ணைத் திறந்தார்.

"கத்தாத ஆத்தா. உசிரோடதேன் இருக்கேன். பழம் பாத்துக்கிட்டிருக்கேன்."

மலையம்மாள் கையில் கத்தரியோடு ஓடி வந்து நின்றாள். சுபாஸ்ரீக்கு மூச்சு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மலையம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க மனுவுக்கு நேர்ல விசாரிக்கச் சொல்லியிருக்காக அக்கா. பழைய ஓனர் இருக்காகளா இல்லையான்னு பாத்து, இங்கனயே நிக்க வச்சு போட்டோ எடுத்து ஏத்தணும்."

"ஏத்துனா?"

"மனு தள்ளுபடி ஆயிரும்."

"ஏத்தாம விட்டா?"

"நான் ஏத்தலேன்னா வேற ஆளு வந்து ஏத்துவாக."

மலையம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். அப்பனின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். மோட்டார் ரூமுக்குள் போய் நல்ல சட்டையை எடுத்து வந்து போட்டு, பட்டனை மாட்டிவிட்டாள். கழுத்துப் பட்டையைச் சரிசெய்து, தன் கையாலேயே அவர் தலையை வாரிவிட்டாள்.

"நல்லா எடு தாயி" என்றார் சங்கிலி. "குலை தெரியணும். வெறுங் கம்பியும் கல்தூணும் விழுந்தா எனக்குக் கேவலம். நீயும் வந்து பக்கத்துல நில்லு மலையம்மா."

"இல்லய்யா, நீங்க மட்டுந்தேன். ரெண்டு மொகம் விழுந்தா போன்ல வாங்காது" என்றாள் சுபாஸ்ரீ.

குலையெல்லாம் அவர் தலைக்கு மேலே இருந்தது. மலையம்மாள் பக்கவாட்டில் தள்ளி நின்று, எட்டி ஒரு கொடியைத் தாழ இழுத்து, இருந்ததிலேயே பெரிய குலையை அவர் கன்னத்துக்கு அருகில் கொண்டுவந்து பிடித்தாள். சங்கிலி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சுபாஸ்ரீ போனில் படம் எடுத்தாள்.

படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் சங்கிலியின் சிரிப்பு, பக்கத்தில் கறுத்துப் பழுத்த குலை, அதைப் பிடித்திருந்த, திராட்சைக் கறை ஏறிய நாலு விரல். மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் படத்தில் இல்லை. சுபாஸ்ரீ கீழே வந்த கட்டத்தில் 'சங்கிலி உயிருடன் இருக்கிறார்' என்று அடித்துப் பொத்தானை அழுத்தினாள். மலையடிவாரத்தில் டவர் சரியாகக் கிடைக்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏறலேன்னா திரும்ப எடுக்கணும் அக்கா. அசையாம இருங்க."

மலையம்மாள் எட்டிப் பிடித்த குலையை விடாமல் அப்படியே நின்றாள்.