அண்ணாச்சி கொடுத்த புகை

என் பெண்டாட்டி வடிவு பீடி குடிக்கிறாள் என்பது தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் தெரியும். அது பீடி இல்லை, மருந்து என்பதும் தெரியும். அந்த மருந்தைக் கொடுத்தது கட்டின புருஷன் இல்லை, கோலி என்று சொல்கிற ஒற்றை அறை வீட்டில், எங்களுக்கு இரண்டு கோலி தள்ளித் தனியாகக் குடியிருந்த கணேசபாண்டியன் என்பதும் தெரியும். என் வயிறு எரிந்தது இந்த மூன்றாவதற்குத்தான்.

என் பெயர் வெயிலுமுத்து. தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் வேலை. சண்முகவடிவைக் கல்யாணம் செய்து அறுபதாம் வருஷம் பம்பாய்க்குக் கூட்டி வந்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு பிடித்துக்கொண்டது. மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். நான் கொண்டுவரும் சுண்ணாம்புத் தூளும் தோல் நாற்றமும்தான் காரணம் என்று அடுத்த கோலி ஹபீபா என் முகத்துக்கு நேரேயே சொன்னாள். மேலப்பாளையத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அரை நாள் லீவு போட்டுப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாதுங்காவில் சர்க்கரை உருண்டை கொடுக்கிற டாக்டரிடமும் போனேன். இரண்டு நாள் நன்றாக இருப்பாள், மூன்றாம் நாள் மறுபடியும் சுவர்.

கணேசபாண்டியன் மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். பாபநாசத்து மலையடிவாரத்துக்காரர். மனைவி தவறிப்போய்விட்டாள், பிள்ளை கிடையாது. வேலை விட்டு வந்ததும் குளித்துச் சலவைச் சட்டை போட்டுத் தலை சீவிக்கொள்வார். எதற்கு? வீட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள்? அதை நான் அப்போதே யோசித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. தங்கச்சி இளைக்கிறது அங்கன வரைக்கும் கேக்கு. எங்கய்யா இதுக்கு ஒரு இலை குடுப்பாரு. காயவச்சுச் சுருட்டிப் புகை இழுக்கணும். நான் குடுத்துப் பாக்கட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு, "குடுங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டாள்.

அவர் மருந்துக்கு மூன்று சட்டம் இருந்தது. இலையின் பெயரைக் கேட்கக் கூடாது, பெயர் வெளியே வந்தால் பலிக்காது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடாமல் எடுக்க வேண்டும். மருந்து அவர் கையிலிருந்து நேரே நோயாளி கைக்குப் போக வேண்டும், நடுவில் இன்னொரு கை படக் கூடாது. "நான் வாங்கி அவகிட்ட குடுக்கேன்," என்றேன். "அது சரிவராது தம்பி," என்றார். எனக்குச் சுருக்கென்றது. தாலி கட்டின கை இடையில் படக் கூடாதாம்.

தினமும் ஆறு மணிக்கு வருவார். கவிழ்த்த வாளி மேல் உட்காருவார். சட்டைப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து அவளிடம் நீட்டுவார். அவளுக்குப் புகை இழுக்கத் தெரியாது. முதல் நாள் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. "மெல்ல, மெல்ல. ஒரு இழுப்பு, போதும், விட்டுரு," என்று அவர் சொல்லச் சொல்ல, வடிவு சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்தது இல்லை. ஹபீபாவும் வாசலில் நின்று சேர்ந்து சிரித்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தின பிறகும் கேட்டது.

இளைப்பு குறைந்தது. அதுதான் கொடுமை. பத்தாம் நாள் தண்ணீர்க் குடத்தை அவளே தூக்கி வந்தாள். இருபதாம் நாள் சாந்துப் பொட்டு வாங்கினாள். யாருக்காக என்று கேட்டேன். "எனக்காகத்தான்," என்றாள். அவள் குணமாகக் கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்தவன் இல்லை. இன்னொருத்தன் கையால் குணமாகிறாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அண்ணாச்சி, தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கூப்பிடுகிற பெயரில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முப்பத்திரண்டாம் நாள், சனிக்கிழமை, சீக்கிரம் வேலையை விட்டுக் கிளம்பி ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். சங்கு ஊதியதும் கணேசபாண்டியன் வந்தார். மற்றவர்கள் ரோட்டுப் பக்கம் போக, இவர் தண்டவாளத்து ஓரமாக நடந்தார். நான் நூறு அடி விட்டுப் பின்னால் போனேன். இடிந்த சுவர் ஒன்றின் அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தார். அவர் போன பிறகு போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பூ, முள்ளுக்காய். ஊமத்தை!

இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டேன். நம் ஊர் வேலியோரம் நாய்கூடத் திரும்பிப் பார்க்காத செடி. இதற்கா பெயர் சொல்லக் கூடாது, கை மாறக் கூடாது? பதினாறு நாள் பாக்கி இருந்தது. இன்னும் பதினாறு சாயங்காலம் அந்த வாளி மேல் அவரைப் பார்க்க என்னால் ஆகாது. ஒரு பொம்பளை புகை விடுகிற அசிங்கமும் எதற்கு? சுருட்டினால் புகை, காய்ச்சினால் கஷாயம், எப்படிப் போனாலும் உடம்புக்குள்தானே போகிறது என்று கணக்குப் போட்டேன்.

ஊமத்தை விஷம் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். காயும் விதையும் பித்துப் பிடிக்க வைக்கும் என்று சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் இது இலைதானே என்று நினைத்தேன். பம்பாய்க்கு வந்து என் புத்தி வேறு மாதிரி ஆகியிருந்தது. கம்பெனியில் வடநாட்டு பையாக்கள் ஹோலியன்று பாங்கு என்கிற கஞ்சா இலையை அரைத்துப் பாலில் கலக்கி லோட்டா லோட்டாவாகக் குடிப்பார்கள். நானும் குடித்திருக்கிறேன். நாள் முழுக்கச் சிரித்தேன், நன்றாகத் தூங்கினேன், மறுநாள் சுண்ணாம்புக் குழியில் இறங்கினேன். மயக்கம் தருகிற இலை என்றால் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அதுவும் சிவராத்திரிக்கு இதே ஊமத்தையை அவர்கள் சிவன் தலையில் குவிப்பதையும் பார்த்தவன். சாமிக்கு வைப்பது என்ன செய்துவிடும்?

மறுநாள் ஞாயிறு. வடிவு தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்த நேரத்தில் அடுப்பை மூட்டினேன். கை நிறையப் பறித்து வந்ததைப் போட்டுக் காய்ச்சினேன். கசப்புக்குக் கருப்பட்டி சேர்த்தேன். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வந்ததும் டம்ளரை நீட்டினேன்.

"என்னது இது?"

"இளைப்புக்கு. நானே காச்சினேன்."

அவள் அடுப்பைப் பார்த்தாள், கரி பிடித்த என் கையைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அரை மணி நேரத்தில் நாக்கு வறளுகிறது என்றாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள், இன்னொன்று குடித்தாள். முகம் சிவந்தது. எழுந்து நின்று, காற்றில் தொங்கும் நூலைப் பிடிப்பது மாதிரி விரலால் பிடித்துப் பிடித்து மடியில் போட்டாள். நான் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள். கண் முழுக்கக் கறுப்பு.

"யாரு நீரு? மீன் கொண்டாந்தீரா?"

ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. பாங்கு குடித்தவன் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவான் என்பது எனக்குத் தெரியும். இவளும் கொட்டுவாள், அந்தப் பெயர் வருகிறதா பார்ப்போம் என்று கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

செத்துப்போன அவள் அம்மாவோடு பேசினாள். இல்லாத கோழியை விரட்டினாள். இல்லாத தரையைப் பெருக்கினாள். அந்தப் பெயர் வரவில்லை. நான் இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நாலைந்து பெண்கள் இருப்பது போலத் திரும்பி ரகசியமாகச் சொன்னாள்:

"சீக்கிரம் சிரிச்சு முடிங்கடி. அவிய வந்துருவாவ."

அவிய என்றால் நான். நான் காத்திருந்தது வேறு ஒருத்தன் பெயருக்கு. வந்தது என் கதை.

அதற்குப் பிறகு அவள் கால் மடங்கி விழுந்தாள். சத்தம் கேட்டு ஹபீபா கதவை இடித்துத் திறந்தாள். "யா அல்லா! அண்ணாச்சி, ஓடியாங்க!" என்று கத்தினாள். கணேசபாண்டியன் வந்து, வடிவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். அடுப்பு மேலிருந்த சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவளைத் தூக்கிக்கொண்டு டாக்சிக்கு ஓடினார். அவர் தோளில் அவள் தலை சாய்ந்து கிடந்ததைப் பார்த்தபோது, அந்த நேரத்திலும், எனக்குத்தான் தூக்கத் தெரியாதா என்று தோன்றியது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்றால், இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தாள். அன்றைக்கு நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவிருக்காது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒண்ணும் நெனவில்ல," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் போன உயிர் வந்தது.

ஊமத்தை விஷம் என்று டாக்டர் சொன்னது பரவியதும் சந்தில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. மருந்து கொடுக்கிறவர் ஒருத்தர்தான். ஆகவே பழியும் அவர் மேல்தான். பொம்பளைக்கு ஊமத்தை கொடுத்தார், என்ன நோக்கத்தில் கொடுத்தாரோ என்று வாய்க்கு வாய் பெருகியது. என் காதில் தேன் பாய்ந்தது. நான் யாரையும் தூண்டவில்லை, யாரையும் திருத்தவும் இல்லை. ஹபீபா மட்டும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை, எங்கள் ஊர்க்காரர்கள் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் ஆறுமுகநயினார் நடுவில் உட்கார்ந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வடிவு முன்வரிசையில், ஹபீபா தோளில் சாய்ந்துகொண்டு. தப்பு நிரூபணம் ஆனால் கணேசபாண்டியன் கோலியைக் காலி செய்ய வேண்டும், ஊர்க்காரன் எவனும் அவரோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. இதுதான் முடிவாக இருந்தது. எனக்கு வேண்டியதும் இதுதான். நான் சும்மா இருந்தால் போதும்.

"கணேசபாண்டியா, அந்தப் பிள்ளைக்கு ஊமத்தை குடுத்தது நீதானவே?" என்று தலைவர் கேட்டார்.

கணேசபாண்டியன் எழுந்தார். சலவைச் சட்டைதான், ஆனால் தலை சீவவில்லை. "இலை எங்கிட்ட இருந்து போனதுதான். பேரை மறைச்சது நான். இது வெசம், குடிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்தக் காரியம் நடந்திருக்காது. தப்பு என்னோடதுதான். நான் போயிருதேன்."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எல்லாம் தெரிந்த மனுஷன், போலீஸ் என்று போனால் என் கையில் விலங்கு விழும் என்று தெரிந்து, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பெண்கள் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நான் வடிவைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து, கை கூப்பியிருந்தது. என்னைப் பார்த்து அவள் கை கூப்பியது தாலி கட்டின அன்றோடு சரி.

அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. குணமாக்கினதும் இவர், தூக்கி ஓடினதும் இவர், இப்போது கெடுத்ததும் இவராகவே இருக்க வேண்டுமா? எனக்கென்று ஒன்றுமே மிச்சம் வைக்க மாட்டாரா? எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"பொய்! அவரு குடுக்கல. நான்தான் குடுத்தேன்! நானே பறிச்சேன், நானே காச்சினேன், எங்கையாலதான் வாங்கிக் குடிச்சா. அவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!"

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அடி விழும் என்று நினைத்தேன். ஆறுமுகநயினார் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார்.

"தெரியாமச் செஞ்சுட்ட. ஆனா இத்தனை பேரு முன்னால ஒத்துக்கிடதுக்கு நெஞ்சு வேணும்ல. ஆம்பளைவே நீ!"

அம்மன் கோயிலுக்கு ஒரு டின் எண்ணெய் என்று தண்டனை போட்டார்கள். கணேசபாண்டியன் கோலியைக் காலி செய்ய வேண்டாம் என்றும், இனி யாருக்கும் பெயர் சொல்லாத மருந்து கொடுக்கக் கூடாது என்றும் முடிவானது. நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கணேசபாண்டியனே வந்து, "நல்லவன் தம்பி நீ," என்று தழுதழுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

வடிவு என் பின்னால் வந்தாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். கோலிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பிறகு கதவில் சாய்ந்து, மூச்சை நிதானமாக ஒரு தடவை இழுத்து விட்டு, என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"ஊரு நம்பிருச்சு. நான் உங்க கூட நாலு வருசமா குடித்தனம் பண்ணுதேன்," என்றாள். "பழியக்கூட அண்ணாச்சிக்கு விட்டுக் குடுக்க உங்களுக்கு மனசு வரல. அதான?"