குனியத் தெரியாத கடைக்காரர்

இனி யாரும் வாள் கட்டக் கூடாது என்று டோக்கியோ அரசாங்கம் சொன்ன வருஷமே எங்கள் வீட்டுக்குச் சம்பளமாக வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோனது. தலைமுறை தலைமுறையாகச் சாமுராய்க் குடும்பம். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் ஹன்னோஜோ, மத்சுயே கோட்டைத் தெருவில் இனிப்புக் கஞ்சிக் கடை போட்டார். சிவப்புப் பயற்றைக் குழைய வேகவைத்து, சர்க்கரை சேர்த்து, சுட்ட அரிசிக் கொழுக்கட்டையை மிதக்கவிடுவது என் வேலை. வருகிறவர்களைக் கவனிப்பது அவர் வேலை. அங்கேதான் வந்தது வினை.

மனிதர் வாசலில் விறைப்பாக உட்கார்ந்து கண்ணை உருட்டுவார். எட்டிப் பார்ப்பவர்கள் பழைய பயத்தில் தெருவிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஒருநாள் ஒரு மீன்காரி துணிந்து உள்ளே வந்து சாப்பிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

"ஒண்ணு போதாதா? அது வயிறா, பானையா?" என்றார் இவர். அவள் போனவள் போனவள்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, வர்றவங்களைப் பார்த்து 'வாங்க'ன்னு தலையைக் கொஞ்சம் குனிஞ்சா என்ன குறைஞ்சா போயிடும்?"

"மீன்காரிகிட்ட நான் குனியணுமா?"

"அப்ப ஹொக்கைடோவுக்குப் போய்க் கரடிகிட்ட நிமிர்ந்து நில்லுங்க!"

சும்மா சொல்லவில்லை. புத்தாண்டுக்குள் கடை ஓடாவிட்டால் அந்தப் பனிக்காட்டில் குடியேறி மரம் வெட்டுவதாகத் தன் அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தார், மகானுபாவர். எனக்கோ குளிர் என்றாலே ஆகாது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம், மழையில் தொப்பலாக நனைந்த வண்டிக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் கிண்ணத்தைக் காலி செய்தார். உடம்பு சூடேறியதும் உற்சாகம் தாங்கவில்லை.

"யோவ் கடைக்காரே! இன்னொண்ணு கொண்டாய்யா!"

என் வீட்டுக்காரரின் கை மின்னலாக இடுப்புக்குப் போனது. உருவியும் விட்டார். வெளியே வந்தது, வாளுக்குப் பதிலாக அங்கே செருகியிருந்த கஞ்சிக் கரண்டி.

வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்தது. எங்கள் பழைய கிராமத்தில் உழுத தொக்குசோ அவர்!

"ஐயையோ, எசமான்!" என்று தரையில் நெற்றியை வைத்துவிட்டார்.

இவர் கரண்டியையே பார்த்தார். மீசை துடித்தது. கோபமோ என்று நடுங்கினேன், பார்த்தால், சிரிப்பு! கரண்டியைக் கீழே வைத்து, தொக்குசோவுக்கு எதிரே மண்டியிட்டு, "வாங்க, வாங்க" என்று குனிந்தார். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

குனிந்தவர் நிமிரவில்லை. விருந்தாளிக்கு முன்னால் தலை தூக்குவது மரியாதையில்லையாம். தொக்குசோவுக்கோ எசமானுக்கு முன்னால் எழ உயிர் போனாலும் மனசு வராது.

"எந்திரிங்க சாமி, எனக்குப் பாவம் சேரும்!"

"நீங்க முதல்ல எந்திரிங்க."

"நான் மாட்டேன் சாமி!"

சாமுராயின் பிடரியைப் பார்க்கத் தெருவே வாசலில் கூடிவிட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கஞ்சியை இரண்டு தலைகளுக்கும் நடுவில் வைத்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிங்க. கஞ்சி ஆறுது!"

எழுந்தார்கள். நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வாசலைப் பார்த்து, "ஏன் மழையில நிக்கறீங்க? உள்ள வாங்க!" என்றார்.

சாயங்காலத்துக்குள் பானை காலி. ஈரக் கையோடு அடுப்படிக்கு வந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பயறு நிறைய ஊறப் போடு. நாம எங்கயும் போகல."