ஒரு வருடம் முந்திய குரல்

2009 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, லண்டன் ஈஸ்ட் ஹாமில் பூட்டியிருந்த ஒரு தேவாலயத்துக்குள், பிறேமினி மறுநாள் பாடவிருந்த பாட்டு அவளுடைய குரலிலேயே கேட்டது. கேட்டவர் அவளுடைய தாய் சிவனேஸ்வரி. அந்தத் தேவாலயத்தைத் துப்புரவாக்குவது அவருக்கு வேலை. வீட்டில் சாமியறை வைத்துக் கும்பிடும் யாழ்ப்பாணக் குடும்பம்தான். ஆனால் தாயோடு வந்து வாங்கில் காத்திருந்த பிள்ளை தனக்குள் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்ட, தேவாலயப் பாடகர் குழுவான கொயரின் தலைவி மார்வா, ஜமேக்காக்காரி, அவளை ஏழு வயதிலேயே முன்வரிசையில் நிறுத்தி, வயிற்றிலிருந்து பாடவும் கைதட்டலுக்கு நடுவே மூச்செடுக்கவும் பழக்கியிருந்தார். இப்போது அவளுக்குப் பதினாலு வயது. சிவனேஸ்வரி வாளியை வைத்துவிட்டு வாங்குகளுக்குக் கீழெல்லாம் தேடினார். பிறகு வீட்டுக்குப் போய்க் கேட்டார்.

"காலமை சேர்ச்சுக்கை ஒளிச்சிருந்து பாடினனியோ?"

"இல்லையம்மா. இப்பதான் எழும்பினனான்."

ஞாயிற்றுக்கிழமை அவள் பாடியபோது, முதல் நாள் கேட்ட பாட்டில் எந்த இடத்தில் இருமல் வந்ததோ அதே இடத்தில் இருமினாள்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வாத்தியமோ கைதட்டலோ வருவதில்லை. குரல் மட்டும், அவள் பாடப்போகும் இடத்தில், பாடப்போகும் நேரத்துக்கு முந்தியே வந்து போகும். 2011இல் ஒரு கிழமை முந்தியது. 2013இல் ஒரு மாதம். பத்தொன்பது வயதில் அவள் கொயரை விட்டு, டால்ஸ்டனில் சோல் என்ற மேற்கத்திய இசை வாசிக்கும் ஒரு குழுவில் சேர்ந்து, மினுங்கும் சட்டை போட்டு டிஸ்கோ பாடத் தொடங்கினாள். மார்வா கோபிக்கவில்லை, ஆட வைக்கிற பாட்டிலும் பரிசுத்த ஆவி இறங்கும் என்றார். 2016இல் குரல் சரியாக ஒரு வருடம் முந்தியது, அதற்கு மேல் கூடவில்லை. மண்டபக்காரர்கள் வெறும் மேடையில் அவள் குரலைக் கேட்டதும் போன் எடுத்து அடுத்த வருடத் திகதியைப் பதிந்துகொள்வார்கள். ஹரோவில் ஒரு கலியாணத்தின்போது குரல் வந்துவிட, ஐயர் தாலிகட்டை அரை மணி நேரம் பிற்போட்டார். பிரான்சிலிருந்து வந்த ஒலிப்பதிவுக்காரன் நிரூபன் மண்டபம் மண்டபமாகப் போய் அந்தக் குரலைப் பதிந்து வந்தான்; அவள் அதைக் கேட்டுப் பாடமாக்கிப் பாடினாள்; அந்த வேலையிலேயே இருவருக்கும் கலியாணமும் நடந்தது. பாட்டை எழுதியவர் யார் என்று உரிமைப் படிவத்தில் கேட்ட இடத்தில் நிரூபன் ஒரு கோடு போட்டுவிடுவான்.

2019 மார்ச்சில் எல்லா மண்டபங்களும் ஒரேயடியாக மௌனமாகின. தான் சாகப்போவதாக நினைத்துப் பிறேமினி உயில் எழுதினாள். அடுத்த மார்ச்சில் கொரோனாவால் ஊரே பூட்டப்பட்டபோதுதான் காரணம் தெரிந்தது. மண்டபங்கள் திறக்க ஒரு வருடம் முந்திக் குரலும் திரும்பி வந்திருந்தது. அதனால் 2023 ஒக்டோபரில் ஹரோவில் நடந்ததை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் வந்த குரல், மூன்றாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில், ஒரு வரி முடிந்த இடத்தில் நின்றது. பிறகு எந்த ஊரிலும் எந்த மேடையிலும் கேட்கவில்லை. நிரூபன் அந்தப் பதிவை நூறு தடவை போட்டுக் கேட்டான். விழுந்த சத்தம் இல்லை, அலறல் இல்லை. வைத்தியர்கள் நெஞ்சையும் தொண்டையையும் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார்கள். சிவனேஸ்வரி வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். மார்வாவின் கொயர் நாற்பது நாள் உபவாசம் இருந்தது. நிரூபன் அவளைப் படிகளில் தனியே இறங்க விடவில்லை.

"போகாதை பிள்ளை. காய்ச்சல் எண்டு சொல்லு," என்றார் தாய்.

"நான் போகாட்டி, அங்கை கேட்டது ஆற்றை குரலம்மா?"



2024 ஒக்டோபரில் அந்த ஞாயிறு வந்தது. டிக்கெட்டுகள் ஒரு காலைக்குள் முடிந்துவிட்டன. வாசலில் அம்புலன்ஸ் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். முதல் இரண்டு பாட்டுக்கும் யாரும் ஆடவில்லை. போன்களை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். மூன்றாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில், அந்த வரி முடிந்த இடத்தில், பிறேமினி நின்றாள். நெஞ்சு அடைக்கவில்லை. தொண்டை நோகவில்லை. அடுத்த வரி தெரியவில்லை. எட்டு வருடமாக, முன்னமே கேட்காத ஒரு வரியையும் அவள் பாடியதில்லை. நிரூபனைப் பார்த்தாள், அவன் இரண்டு கைகளையும் விரித்தான். இசைக்குழு அதே இடத்தை நாலு தரம் சுற்றிச் சுற்றி வாசித்தது. அவள் மைக்கை நிலத்தில் வைத்துவிட்டு இறங்கி, முன்வரிசையில் தாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பயந்திட்டியோ?"

"இல்லையம்மா. பாட்டு அவ்வளவுதான்."

சனம் ஏமாந்து கலைந்தது. பிறேமினி ஹரோவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். எல்லாரையும் போலப் பேசினாள், பாடவில்லை. மண்டபக்காரர்கள் வேறு ஆட்களைப் பிடித்தார்கள்.

இந்த வருடம் பெப்ரவரியில், ஒரு செவ்வாய் காலை பத்தரைக்கு, நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு தகன மண்டபத்தில் அவளுடைய குரல் கேட்டது. அங்கே அவள் ஒருநாளும் பாடியதில்லை. காவலாளி போனில் பதிந்து, விசாரித்து, நிரூபனுக்கு அனுப்பினார். தாளம் இல்லாத பாட்டு. நடுவில் இரண்டு தடவை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறாள். நிரூபன் அதை மனைவியிடம் சொல்லாமல் மாமியாரிடம் கொண்டுபோனான். சிவனேஸ்வரி சமையலறையில் நின்றபடியே போனைக் காதில் வைத்துக் கேட்டார். இடையில் கை நீட்டி அடுப்பை மட்டும் குறைத்தார்.

"கடைசிவரைக்கும் பாடுறாளோ?"

"ஓம் மாமி. முழுசா."

"அப்ப அவளுக்குப் போட்டுக் காட்டுங்கோ தம்பி. பாடமாக்க ஒரு வருசம் இருக்குத்தானே."

பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி ஷிப்டுக்குப் போனார்.