குட்டையனின் உயரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரட்டுமே. அன்று வராமல் இருந்திருந்தால் நான் மனுஷியே இல்லை.

நான் மிருகக்காட்சி சாலையில் டாக்டர். கூண்டுகள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முதல்முறையாகச் சட்டம் வரப்போகிறது. அதை எழுதுகிற வக்கீல் வேறு யாருமில்லை, என் சொந்த அண்ணன். கரடிக் கூண்டுக்கு அவன் எழுதியிருந்த விதியைப் படித்தேன். கரடியின் உயரத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தால் போதுமாம். சரி, அந்த உயரத்தை எங்கே வைத்து அளந்தார்கள்? எங்கள் குட்டையனின் கூண்டுக்குள்!

குட்டையன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். கூரை இடிக்கும் என்று முதுகை வளைத்துத்தான் நிற்பான். அதை அளந்து, மேலே ஒரு சாண் சேர்த்தால் இப்போதிருக்கிற கூரைதான் வருகிறது. ஆக, சாகும்வரை அவனுக்கு அந்தக் கூண்டுதான், அதுவும் சட்டப்படி.

"அண்ணே, படிச்சவன்தானே நீ? நிமிரவே முடியாத இடத்துல வச்சா உயரம் பாப்பீங்க?"

"கத்தாதே. உங்க மிருகக்காட்சி சாலை அதிகாரி குடுத்த அளவு அது. தப்புன்னா வெளியில விட்டு அளந்து காட்டு."

"காட்டுறேன்!"

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் மதில் சூழ்ந்த முற்றத்தில் குட்டையனை விட்டோம். அங்கே கூரை கிடையாது. உயரமான கம்பத்தில் தேன் தடவிய பழத்தைக் கட்டியிருந்தேன். அண்ணனும் அதிகாரியும் என்னோடு கம்பிக்கதவுக்கு வெளியே நின்றார்கள்.

'எழுந்திருடா ராசா, இவங்க மூஞ்சியில கரியைப் பூசு' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

எழுந்தான். கூண்டுக் கூரையின் உயரம் நெருங்கியதும் நின்றுவிட்டான். முதுகை வளைத்தான், தலையைக் குனிந்துகொண்டான். தேன் வாசனைக்கு மூக்கு துடித்தது. அப்படியே நின்று முனகினான்.

அதிகாரி சிரித்தார். "பாத்தீங்களா டாக்டரம்மா? அவன் அவ்வளவுதான். நீங்கதான் ஊரைக் கூட்டுனீங்க."

"சீ!" என்றேன். "எழுதுண்ணே. இந்த விதி, இல்லாத கூரைக்குக்கூடக் குனியுற கரடிக்குன்னு எழுது. எழுதி நீயே கையெழுத்தும் போடு!"

அண்ணன் பேனாவை எடுத்தான். கையிலிருந்த தாளில் அந்த விதியை அழுத்தி அடித்தான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிமிருடா," என்றான். "ஒண்ணும் இடிக்காதுடா, நிமிரு."

குட்டையன் நிமிரவில்லை.